வாசகர் கேள்வி: விமானத்துக்கு ஏன் கூரைத் தகரம்?

கேள்வி (சீனக்குடாவிலிருந்து ஒரு வாசகர்): முழுக்க உலோகத்தில் செய்த முதல் பயணிகள் விமானம் என்று யுங்கர்ஸ் எஃப் 13 இன் படம் பார்த்தேன். உடம்பு முழுக்க எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் போல நெளிநெளியாக இருக்கிறதே, காசில்லாமல் செய்த வேலையா?

பதில்: காசில்லாமல் இல்லை, யோசித்துச் செய்த வேலை. மெல்லிய தகட்டைத் தட்டையாக விட்டால் விரலால் அழுத்தினாலே குழியும், அதையே நெளி விட்டால் நெளி ஓடும் திசையில் லேசில் வளையாது, உங்கள் கூரைக்கும் அதே கதைதான். ஊகோ யுங்கர்ஸ் விமானத்துக்கு வருமுன் ஜேர்மனியின் டெசாவ் நகரில் குளியலறை வெந்நீர் அடுப்புகள் செய்து விற்றவர், அதனால் தகட்டின் குணம் அவருக்கு அத்துப்படி. எல்லோரும் மரச்சட்டத்தில் துணி போர்த்திக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த 1915 இல், வெளிக்கம்பி இல்லாத இறக்கையோடு உருக்குத் தகட்டிலேயே ஒரு விமானம் செய்து பறக்கவிட்டார். பறந்தது, ஆனால் பாரம் அதிகம், மேலேறத் திணறியது. ‘தகரக் கழுதை’ என்று பட்டம் வைத்தார்கள்.

அப்புறம்தான் டியூராலுமின். அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் சேர்த்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால், அது தானாகவே சில நாட்களில் இறுகிவிடும், சாதாரண உருக்கின் பலம், எடையோ மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் குணத்தை ஜேர்மன் உலோகவியலாளர் அல்ஃபிரட் வில்ம் 1906 இல் கண்டுபிடித்திருந்தார். அதை வைத்து யுங்கர்ஸின் பொறியியலாளர் ஒட்டோ ரொய்டர் வடிவமைத்த எஃப் 13, 1919 ஜூன் 25 இல் பறந்தது. நாலு பயணிகளுக்கு மூடிய அறை, மெத்தை இருக்கை, ஓட்டுநருக்கு மட்டும் காற்றும் மழையும்! (காசு கொடுத்தவருக்குத்தானே கூரை.) போரில் தோற்ற நாடு என்பதால் விமானம் செய்யவே இடையில் தடை விழுந்தது, அப்படியும் 300க்கு மேல் செய்தார்கள்.

நெளிக்கு ஒரு விலையும் உண்டு. முன்னிருந்து பின்னாக, காற்றோடு போகும்படிதான் நெளி விட்டார்கள், ஆனால் காற்று எப்போதும் அந்தக் கோட்டிலேயே போவதில்லை, குறுக்கே அடித்து இழுவையைக் கூட்டியது. வேகம் கூடக் கூட அது பெரிய நட்டம். 1933 இல் வந்த போயிங் 247 வழவழப்பான தோலோடு வந்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி (நிலாவெளி வாசகி): எங்கள் பக்க உப்புக்காற்றில் அந்த உலோகம் தாங்குமா?

பதில்: இரும்பு போலக் கறள் பிடிக்காது, ஆனால் அதைவிட மோசமான வேலை ஒன்று செய்யும். உள்ளே இருக்கும் செம்பால், உப்பு பட்டதும் உலோகத்துக்குள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் நுண்ணிய மணிகளின் இடுக்கு வழியாக அரித்துக்கொண்டு போகும், மேலே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1920களின் கடைசியில்தான் அமெரிக்காவில் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிதாகப் படியவைத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். கொலம்பியாவில் மிதவை பூட்டிய எஃப் 13கள் மக்தலேனா ஆற்றில் இறங்கி ஏறின, அது நன்னீர். கொட்டியாரக் குடாவில் விட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவச் சொல்லியிருப்பேன்.

கேள்வி (அதே வாசகி): இப்போதும் பறக்கிறதா?

பதில்: பழையவை அருங்காட்சியகங்களில்தான். புதிதாகச் செய்த ஒன்று, அதே நெளித் தகட்டோடு, 2016 இல் சுவிற்சர்லாந்தில் பறந்தது. காசு போட்டதில் ஒரு பங்கு, நெளி விட்ட அலுமினியப் பயணப்பெட்டி செய்யும் ரிமோவா நிறுவனம்.