பேரைத் தேடாதீங்க, எழுதின ஆபீஸைத் தேடுங்க: கப்பலேறிப் போனவங்களைப் பத்தி வாசகர் கேள்வி பதில்

தாத்தா காலத்துல கப்பலேறி வெளிநாடு போனவங்களோட தடயத்தை ஆவணக் காப்பகத்துலயும் நூலகத்துலயும் எப்படித் தேடறதுன்னு கேட்டு நிறைய கடிதம் வந்திருக்கு, அதுல அஞ்சு கேள்விக்கு இந்த இதழ்ல பதில் சொல்றேன்.

எங்க கொள்ளுத்தாத்தா பேரு முனுசாமி. வட ஆற்காடு பக்கத்துல இருந்து இங்க தென்னாப்பிரிக்காவுல இருக்கற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தாருன்னு பாட்டி சொல்லுவாங்க. ஊர் பேரு வீட்ல யாருக்கும் தெரியல. சென்னைக்கு வந்து ஆவணக் காப்பகத்துல தேடினா கிடைக்குமா சார்? (ஒரு வாசகி, டர்பன்)

இப்பவே சென்னைக்கு டிக்கெட் போடாதீங்கம்மா. உங்களுக்கு வேண்டிய முதல் காகிதம் நீங்க இருக்கற ஊர்லயேதான் இருக்கு.

நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ', மெட்ராஸ்ல இருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்னைக்கு டர்பன் போய்ச் சேந்துச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலியா அங்க இறங்கினாங்க, அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பேர் மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. இவங்க எல்லாருக்கும் ஒரு நம்பர் போட்டு ஒரு பதிவேட்ல எழுதினாங்க. நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), ஊரு, உடம்புல இருக்கற அடையாளம், இவ்வளவும் ஒரே வரில. அந்தப் பதிவேட்டை வெச்சு பண்ணின டேட்டாபேஸ் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி லுத்துலி ஆவண மையத்துல இருக்கு, உங்களுக்கு அது பஸ்ல போற தூரம்.

ஆனா முனுசாமின்னு தேடிட்டுப் போனீங்கன்னா நூத்துக்கணக்குல முனுசாமி வந்து நிப்பாங்க, மூன்சாமி, முனிசாமி, முனியன்னு வேற வேற எழுத்துல. அதனால பேரை விட்டுட்டு நம்பரைப் பிடிங்க. அந்த நம்பர் கப்பல்ல இறங்கினதோட முடிஞ்சு போகல, அவரு கல்யாணம் பதிஞ்சப்ப, பிள்ளை பொறந்தப்ப, ஒப்பந்தம் முடிஞ்சு வேற தொழிலுக்கு லைசென்ஸ் கேட்டப்ப, செத்தப்பன்னு கூடவே வந்திருக்கு, சில சமயம் பிள்ளைங்க காகிதத்துல கூட அப்பாவோட நம்பர் இருக்கும். ஸோ பழைய ட்ரங்கு பெட்டி, ஃப்ரேம் போட்ட போட்டோவோட பின்பக்கம், பைபிளோ ராமாயணமோ எது வீட்ல இருந்துச்சோ அதுக்குள்ள மடிச்சு வெச்ச காகிதம், எல்லாத்தையும் முதல்ல பாத்துருங்க. ஒண்ணும் இல்லன்னா தாத்தாவோட இறப்புப் பதிவுல இருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையா பின்னால நடங்க. தென்னாப்பிரிக்காவுல ஒருத்தர் இறந்தப்புறம் சொத்துக்காக கோர்ட்ல ஃபைல் திறப்பாங்க, அதுல இருக்கற இறப்பு அறிவிப்புல அவரோட அப்பா அம்மா பேரு, பிள்ளைங்க பேரு எல்லாம் எழுதியிருப்பாங்க, அந்த ஃபைல்களுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தோட இண்டெக்ஸ் ஆன்லைன்லயே இருக்கு.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும். நான் முதல் தடவை ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போனப்ப மூணு நாள் முழுக்க எங்க குடும்பப் பேரைத்தான் கேட்டலாக்ல தேடிட்டு இருந்தேன், நூலகத்துல ஆசிரியர் பேரைப் போட்டு புத்தகம் தேடற மாதிரி. மூணாவது நாள் சாயங்காலம் கட்டு எடுத்துக் குடுக்கற பெரியவர் ஒருத்தர் வந்து, "தம்பி, இந்த ஆளைப் பத்தி எந்த ஆபீஸ் எழுதியிருக்கும்னு யோசிச்சீங்களா"ன்னு கேட்டாரு. எனக்கு அப்பதான் புரிஞ்சுது. நூலகத்துல புத்தகத்தைப் பொருள் வாரியா அடுக்குவாங்க, காப்பகத்துல காகிதத்தை அதை எழுதின ஆபீஸ் வாரியா, அந்த ஆபீஸ் அடுக்கின வரிசையிலயே வெச்சிருப்பாங்க. உங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்தி எழுதின ஆபீஸ் டர்பன்ல இருந்த இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் ஆபீஸ், அதனாலதான் காகிதம் அங்க இருக்கு. எழும்பூர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல பெரும்பாலும் கிடைக்கறது கவர்மெண்டுக்குள்ள ஓடின கடிதம், உத்தரவு, வருஷ அறிக்கை, இந்த மாதிரிதான், அதுல கூலிக்குப் போன ஒருத்தர் பேரு வர்றது ரொம்ப அபூர்வம்.

ஊர் பேரு கிடைச்சதுக்கு அப்புறம்தான் எழும்பூருக்கு வேலை. பதிவேட்ல இருக்கற ஊர்ப் பேரு ஒரு குமாஸ்தா காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினது, அதை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, அப்பதான் பிடிபடும். வாண்டிவாஷ்னு இருந்தா வந்தவாசி, கஞ்சீவரம்னா காஞ்சிபுரம். தாணா காலம்ல பெரும்பாலும் தாலுகா பேரு இருக்கும், அதுதான் உங்களுக்கு உயிர்நாடி, ஏன்னா ஒரே ஜில்லாவுல ஒரே பேர்ல நாலு ஊர் இருக்கும். இன்னொண்ணு, வட ஆற்காடுன்னு போட்டிருந்தா அது இப்ப இருக்கற வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோட பகுதிகள் மட்டும் இல்ல, 1911-ல சித்தூர் ஜில்லாவைத் தனியா பிரிக்கறதுக்கு முன்னாடி சித்தூரும் அதுக்குள்ளதான், அதனால உங்க ஊரு இன்னைக்கு ஆந்திராவுல கூட இருக்கலாம். கன்னிமரா நூலகத்துல பழைய மாவட்ட மேனுவல், கெஸட்டியர், சென்சஸ் புத்தகம் இதெல்லாம் வெச்சு எந்தத் தாலுகாவுல எந்த ஊர் இருந்துச்சுன்னு சரிபாத்துட்டு அப்புறமா ஊருக்குக் கிளம்புங்க.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் கேக்கறதில்ல, எனக்கு அது வருத்தம். கொள்ளுத்தாத்தாவைத் தேடறீங்க சரி, கொள்ளுப்பாட்டி? அவங்களும் அதே மாதிரி ஒரு கப்பல்ல வந்தவங்களா இருந்தா அவங்களுக்குத் தனி நம்பர், தனி வரி, அவங்க அப்பா பேரு, அவங்க ஊரு எல்லாம் இருக்கு. புருஷன் இல்லாம தனியா கப்பலேறின பொம்பளைங்க நிறைய பேர், டர்பன்ல வந்துதான் குடும்பம் ஆச்சு. பாட்டியையும் தேடுங்கம்மா.

பதிவேட்டை எடுத்துட்டோம். ஆனா அதுல போட்டிருக்கற சாதி எங்க வீட்ல சொல்றதோட ஒத்துப் போகல. தப்பான ஆளா? (ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அதை வெச்சு மட்டும் தப்பான ஆள்னு முடிவு பண்ணாதீங்க. கப்பலேறறதுக்கு முன்னாடி ஆளுங்களைத் தங்க வெச்ச டிப்போவுல குமாஸ்தா கேட்டாரு, இவங்க சொன்னாங்க, அவரு எழுதினாரு, அவ்வளவுதான். ஊரை விட்டு ஓடி வந்தவங்க வேற சொல்லியிருக்கலாம், வேலை கிடைக்கணும்னு வேற சொல்லியிருக்கலாம், குமாஸ்தாவுக்குத் தெரிஞ்ச நாலு பேர்ல ஒண்ணைப் போட்டும் இருக்கலாம். அப்புறம் நேட்டால்ல பட்டப்பேரே மாறிடுச்சு, கவுண்டர் கோவெண்டர் ஆனது உங்களுக்கே தெரியும். அப்பா பேரு, ஊரு, உடம்பு அடையாளம், வந்த வருஷம் இந்த நாலுல மூணு பொருந்தினா அவருதான்னு நான் நம்புவேன்.

என் தாத்தாவோட தம்பி 1930-கள்ல நாகப்பட்டினத்துல கப்பலேறி மலேயாவுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல. நேட்டால், மொரீஷியஸுக்கு இருக்கற மாதிரி மலேயாவுக்கும் கப்பல் பதிவேடு இருக்கா? (ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

நேராவே சொல்லிடறேன் சார், நேட்டால் மாதிரி ஒரு வரில ஒரு மனுஷனோட மொத்த விவரமும் கிடைக்கற பதிவேடு மலேயாவுக்கு எதிர்பாக்காதீங்க. மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-லயே நின்னு போச்சு, அதுக்கப்புறம் கங்காணி முறை, தோட்டத்துல வேலை பாக்கற ஒருத்தரே ஊருக்கு வந்து சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன்னு கூட்டிட்டுப் போவாரு. கங்காணிக்கு ஆள் தெரியும், அதனால ஒப்பந்தம், நம்பர் அப்படின்னு எழுதற அவசியம் குறைஞ்சு போச்சு. 1938-ல இந்திய கவர்மெண்ட் கூலியா போறதையே தடை பண்ணிடுச்சு.

அப்ப யாரு எழுதியிருப்பாங்க? முதல்ல உங்க சின்னத் தாத்தாவே. மணியார்டர் ரசீது, கடுதாசி, கடுதாசி மேல தபால் முத்திரை, அந்த முத்திரைல இருக்கற ஊர்ப் பேரு. அது கிடைச்சா எந்த வட்டாரம்னு தெரியும், அந்த வட்டாரத்துல எந்த எஸ்டேட், எந்த கோயில், எந்த தமிழ்ப் பள்ளிக்கூடம்னு இறங்கலாம், எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்து சேர்க்கைப் பதிவேட்ல பிள்ளைங்க பேரோட அப்பா பேரும் இருக்கும். அதே கங்காணியோட போன மத்த குடும்பம் உங்க ஊர்லயே இருப்பாங்க, அவங்க வீட்டுக் கதவையும் தட்டுங்க, பாதிப் பேருக்கு இந்த வழிலதான் தகவல் கிடைக்குது. அப்புறம் பேப்பர். சிங்கப்பூர்ல 'தமிழ் முரசு' 1935-ல ஆரம்பிச்சது, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பேப்பர்களை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல வெச்சிருக்கு, வீட்ல உக்காந்தே பாக்கலாம்.

உங்க கடிதத்துல 1942-க்கு அப்புறம் கடுதாசியே வரலன்னு எழுதியிருக்கீங்க. அந்த வருஷம் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடிச்சான், தோட்டத்துல இருந்து தமிழ் ஆளுங்களைக் கூட்டம் கூட்டமா சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போனாங்க. அங்க செத்த வெள்ளைக்கார சிப்பாய்களுக்குப் பேரு போட்ட கல்லறை இருக்கு, நம்ம ஆளுங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பேர்ப் பட்டியல் கூட இல்ல. எனக்கு இதை நினைச்சா இன்னைக்கும் ஆறாது. அதனாலதான் அந்தக் கடைசி கடுதாசியோட தேதி உங்களுக்கு முக்கியம், அதைப் பத்திரமா வெச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துருங்க.

அம்மா வழித் தாத்தா இலங்கை மலையகத்துல இருந்து 1970-கள்ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா வந்தவரு, கோத்தகிரில குடியேறினாங்க. அவங்க இலங்கைக்கு முதல்ல எந்த ஊர்ல இருந்து போனாங்கன்னு கண்டுபிடிக்கணும் அண்ணா. (கல்லூரி மாணவி, நீலகிரி)

தங்கச்சி, உனக்கு மத்தவங்களை விட சுலபம், ஏன்னா உங்க குடும்பத்தைப் பத்தி ரெண்டு கவர்மெண்ட் எழுதியிருக்கு. 1964 அக்டோபர்ல போட்ட அந்த ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கும்னு பேசினாங்க, மிச்ச 1,50,000 பேரை 1974-ல ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க. அப்படி வந்த ஒவ்வொரு குடும்பமும் அப்ப குடியுரிமைக்கு மனு போட்டு, இந்திய பாஸ்போர்ட் வாங்கி, குடும்ப அட்டை வாங்கி, தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் முகாம்ல பதிய வேண்டியிருந்துச்சு. வீட்ல அந்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கான்னு முதல்ல பாரு, மழைல நனைஞ்சு கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போட விடாதே. குடும்பத்துல யார் யாரு, எந்தத் தோட்டம்னு அதுல இருந்து பிடிக்கலாம். தோட்டத்துப் பேரு கிடைச்சா அந்தப் பகுதி பிறப்புப் பதிவுல அம்மா, மாமா பிறப்புச் சான்றிதழுக்கு இலங்கைல விண்ணப்பம் போடலாம்.

இந்தப் பக்கம் பாத்தா, தாத்தா டான்டீ தோட்டத்துல வேலைக்குச் சேந்தவரா? 1968-ல தமிழ்நாடு கவர்மெண்ட் அந்தத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினதே தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை குடுக்கத்தான், அப்ப சர்வீஸ் பதிவேடு இருக்கும். கலெக்டர் ஆபீஸ்ல மறுவாழ்வுப் பிரிவுலயும் கேளு. முதல்ல போன ஊருக்கு மட்டும் காகிதம் சிக்கறது கஷ்டம், அதுக்கு குலதெய்வம் எங்க இருக்குன்னு பெரியவங்களைக் கேளு. மூணு தலைமுறை கழிச்சும் மலையகத்து ஆளுங்க அந்தப் பேரை மறக்காம வெச்சிருப்பாங்க, அதை இப்பவே ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோ, பாட்டி இருக்கும்போதே.

தாத்தா வீட்ல ஒரு பழைய பத்திரம் கிடைச்சுது, பசலி 1300-ன்னு போட்டிருக்கு, நடுவுல புரியாத எழுத்தெல்லாம் இருக்கு. எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? (ஒரு வாசகர், பண்ருட்டி)

பசலின்னா நில வரிக் கணக்குக்கு வெச்சிருக்கற வருஷம், அதோட 590-ஐக் கூட்டுங்க, 1890 வரும். பசலி வருஷம் ஜூலை 1-ல தொடங்கி அடுத்த ஜூன் 30-ல முடியும், அதனால உங்க பத்திரம் 1890 ஜூலைக்கும் 1891 ஜூனுக்கும் நடுவுல. அந்தப் புரியாத எழுத்து பெரும்பாலும் தமிழ் எண்ணும் குறியீடும்தான், ௧ ஒண்ணு, ௨ ரெண்டு, ௰ பத்து, ௱ நூறு, ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௹ ரூபாய். பசலி இல்லாம விகிர்தி, கர அப்படின்னு தமிழ் வருஷம் மட்டும் இருந்தா உஷாரா இருங்க, அது 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும், துந்துபின்னு இருந்தா 1862-ஆ 1922-ஆ 1982-ஆன்னு பத்திரத்துல இருக்கற ஆளுங்க வயசை வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும். முத்திரைத்தாள்ல யாரு தலை அச்சடிச்சிருக்குன்னும் பாருங்க, விக்டோரியா ராணியா, அதுக்கப்புறம் வந்த ராஜாவான்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் தீந்துரும். பத்திரத்தை லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, சூட்டுல காகிதம் பாழாகிடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது.