பம்புக்குள் காற்று: கணினி ஏன் காட்டவில்லை?

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் கோடையில் கிணற்று நீர் இறங்கியதும் மோட்டார் காற்றை இழுத்து, தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. இதையே கல்லூரி பிராஜெக்டாகக் கணினியில் பம்பின் மாடல் (கணக்கு மாதிரி) அமைத்து ஓட்டினேன். 5 சதவீதம் காற்று கலந்தும் ஹெட் (பம்பு நீரை ஏற்றும் உயரம்) பெரிதாகக் குறையவில்லை. எங்கே தவறு?
- மாணவர், காட்பாடி

பதில்: காற்றும் நீரும் ஒரே வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளும் மாடலை எடுத்திருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. பம்பு காற்றடைத்து நிற்பதற்குக் காரணமே இரண்டுக்கும் உள்ள வேக வேறுபாடுதான். பம்புக்குள் சுழலும் பிளேடுகள் கொண்ட சக்கரமான இம்பெல்லரில் வெளிவிளிம்பை நோக்கி அழுத்தம் ஏறுகிறது. அது இலேசான குமிழிகளை மையத்துக்கே திருப்பித் தள்ளுகிறது. அவை பிளேடின் அழுத்தம் குறைந்த பக்கத்தில் திரண்டு நீரின் வழியை அடைக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி வேகம் தரும் ஆய்லர்-ஆய்லர் மாடலுக்கு மாறுங்கள்.

அதிலும் குமிழி விட்டம்தான் விடையை ஆட்டிவைக்கும். 0.1, 0.3, 0.5 மில்லிமீட்டர் மூன்றுக்கும் ஓட்டுங்கள். சிறியது நீரோடு போய்விடும், பெரியது தங்கும். காற்றை ஐடியல் கேஸாக, அதாவது அழுத்தத்துக்கேற்பச் சுருங்கும் வாயுவாக வையுங்கள். 30 மீட்டர் ஹெட்டில் அதன் கனஅளவு கிட்டத்தட்ட கால் பங்காகச் சுருங்கும்.

முதலில் வெறும் நீரில் ஓட்டி, பம்போடு வந்த ஹெட் வளைகோட்டுடன் (எவ்வளவு நீர் ஓடினால் எவ்வளவு ஹெட் என்ற வரைபடம்) ஒப்பிடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுப் போகவே கூடாது. பிறகு ஒவ்வொரு சதவீதமாகக் காற்றை ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 5 வைத்தால் கணக்கு சிதறலாம். 2880 ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுற்றுகள்) 1 டிகிரி சுழல 0.058 மில்லிவிநாடி, அதுவே டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேரம்.

ஊர்க் கிணற்றில் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட்வால்வ் மூழ்கியிருந்தும் காற்று வந்தால், நீரை உறிஞ்சும் சக்‌ஷன் பைப் ஜாயிண்டுகளைப் பாருங்கள்.