கடவுச்சொல்லை எங்கும் வைக்காமல் தரவுத்தளத்தில் நுழைவது எப்படி?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் மூன்று விடுதிகளுக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருக்கிறேன். அமேசான் ஈசி2 சேர்வரில் ஓடுகிறது. தரவுத்தளம் ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ். கடவுச்சொல் ஒரு கோப்பில் கிடக்கிறது. கூட வேலை செய்த தம்பி விலகிப்போனதிலிருந்து மனதுக்கு நிம்மதி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அறைத் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவது போன்றதுதான் இது. இடம் தெரிந்தவர் எவரும் எடுக்கலாம், எடுத்ததும் தெரியாது. திறப்பே இல்லாமல், உங்கள் சேர்வரை ஆள் பார்த்து உள்ளே விடும் வழி இருக்கிறது.

அமேசானில் யார் எதற்குள் நுழையலாம் என்று தீர்மானிப்பது ஐஏஎம் என்ற சேவை. முதலில் ஆர்டிஎஸ் அமைப்பில் ஐஏஎம் அங்கீகாரத்தை இயக்குங்கள். அப்புறம் செயலிக்கென்று கடவுச்சொல் இல்லாத புதுப் பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு ‘ஆர்டிஎஸ்_ஐஏஎம்’ (rds_iam) என்ற தரவுத்தள ரோலை, அதாவது அனுமதிப் பொறுப்பை, கொடுங்கள். தரவுத்தளத்தின் தலைமைக் கணக்கான மாஸ்டர் கணக்குக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்: போஸ்ட்கிரெஸில் கொடுத்தவுடன் அதன் கடவுச்சொல் செல்லாமற் போய்விடும். சேர்வருடன் ஓர் ஐஏஎம் ரோலை (சேர்வருக்குத் தற்காலிகச் சான்று தரும் அடையாளம்; மேலே சொன்ன தரவுத்தள ரோல் அல்ல) இணைத்து, அந்த ஒரு தரவுத்தளத்தில் அந்த ஒரு பயனராக மட்டும் நுழைய அனுமதி கொடுங்கள்.

இனி அமேசானின் நிரல் நூலகம், சேர்வரின் தற்காலிகச் சான்றைக் கொண்டு ஒரு டோக்கனை, அதாவது தற்காலிக நுழைவுச் சீட்டை, கையொப்பமிட்டுத் தரும். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அதைக் கொடுக்க வேண்டும். அதன் ஆயுள் 15 நிமிடம். டிஎல்எஸ் எனும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு கட்டாயம்.

பலர் தடுக்கி விழுவது அந்த 15 நிமிடத்தில்தான். செயலி தொடங்கும்போது ஒரு தடவை டோக்கன் எடுத்து, அதையே வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே திறந்த இணைப்பு 15 நிமிடம் கடந்தாலும் அறுந்துபோகாது; அதனால் பிழை ஒளிந்திருக்கும். நிலாவெளிப் பக்கம் சீசன் சூடுபிடித்து, ஒரே நேரத்தில் பலர் அறை தேடும்போது செயலி புது இணைப்பைத் திறக்கப் பார்க்கும், காலாவதியான டோக்கனைக் காட்டும், வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு புது இணைப்புக்கும் புது டோக்கன் எடுக்கும்படி எழுதுங்கள். கையொப்பம் சேர்வருக்குள்ளேயே போடப்படுவதால் நேரம் பிடிக்காது.

மடிக்கணினியிலிருந்து சோதிக்க நிரந்தர அக்சஸ் கீ (அமேசான் கணக்கில் நுழையும் திறப்பு) உருவாக்க வேண்டாம். அது பூச்சாடியை இடம் மாற்றுவது மட்டும்தான். ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர் என்ற அமேசானின் உள்நுழைவுச் சேவை வழியாக உள்நுழைந்து தற்காலிகச் சான்று எடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை காத்திருக்காமல், இருக்கிற கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். அந்தக் கோப்பு, நிரலின் பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஏறியிருந்தால், இப்போது அழித்தாலும் பழைய பதிவுகளில் அப்படியே கிடக்கும். தம்பியின் கணினியிலும் ஒரு பிரதி இருக்கலாம்.