சட்டமன்ற உறுப்பினரின் பணிவாழ்க்கை: கேள்வி பதில்

சட்டப்பேரவை நடைமுறைகளை நெடுங்காலமாகக் கவனித்து வரும் உறுப்பினர் ஒருவர், மற்றவர்களின் ஐயங்களுக்கு அளித்த விடைகள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் பட்டப்படிப்பு வேண்டுமா? சொந்தத் தொகுதியில்தான் நிற்க வேண்டுமா?

பதில்: இரண்டும் கட்டாயமில்லை. 25 வயது நிறைந்த இந்தியக் குடிமகன், தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், தனித் தொகுதிகளுக்குரிய இட ஒதுக்கீட்டு விதிக்கு உட்பட்டு, 234 தொகுதிகளில் எதிலும் போட்டியிடலாம். மு. கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் எனத் தொகுதி மாறி 13 முறை வென்றார். டெபாசிட் தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். ஆனால் சட்டம் விதிக்கும் தகுதிகளைவிடக் கட்சியில் சீட் பெறுவதே கடினமான படி என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி (விவசாயி): எங்கள் ஊர்ப் பாலத்துக்காகப் பேரவையில் கேள்வி எழுப்பியதாக எங்கள் எம்.எல்.ஏ. சொல்கிறார். பாலம் வரவில்லை. கேள்வி கேட்டு என்ன பயன்?

பதில்: பயன் உண்டு; ஆனால் அது அமைச்சர் சொன்ன விடையின் சொற்களைப் பொறுத்தது. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற விடை அரசை எந்தக் காலக்கெடுவுக்கும் கட்டுப்படுத்துவதில்லை. "இந்த நிதியாண்டிலேயே பணி தொடங்கப்படும்" என்று சொல்லியிருந்தால் அது உறுதிமொழி; அவைக்குறிப்பில் பதிவாகும் அத்தகைய உறுதிமொழிகள் நிறைவேற்றப்பட்டனவா என்று ஆராய்வதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தேர்ந்த உறுப்பினர் முதல் விடையோடு அமர்ந்துவிடமாட்டார்; திட்ட மதிப்பீடு தயாரா, நிலமெடுப்பு எந்த நிலையில் நிற்கிறது என்று துணைக் கேள்வி கேட்டுத் திட்டவட்டமான சொல்லை வாங்குவார், துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேரவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அதே பொருளை மீண்டும் எழுப்புவார், பின்னர் துறைச் செயலாளருக்கு அவைக்குறிப்பின் பக்கத்தைச் சுட்டிக் கடிதம் எழுதுவார். உங்கள் உறுப்பினரிடம் "பேரவையில் கேள்வி கேட்டீர்களா" என்று வினவாதீர்கள். என்ன விடை கிடைத்தது, அதன் நகல் எங்கே என்று வினவுங்கள். இந்தப் பழக்கம் தொகுதிதோறும் பரவ வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கேள்வி (ஆசிரியை): மனசாட்சிப்படி கட்சிக்கு எதிராக வாக்களிக்க முடியுமா?

பதில்: வாக்களிக்கலாம், பதவி போகக்கூடும். இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் பிறப்பிக்கும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தவரை 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், அரசியலமைப்பில் 1985இல் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி அவர் தகுதி இழப்புக்கு ஆளாவார். வாக்களிக்காமலேயே பதவி போவதும் உண்டு. 2017இல் முதலமைச்சருக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி அந்நடவடிக்கை செல்லும் என்றார். கொறடா உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாக்களுக்கும் மட்டும் பொருந்தினால் போதும் என்பது என் கருத்து. சாதாரண மசோதாவின் ஒரு பிரிவைக்கூட ஆளுங்கட்சி உறுப்பினர் எதிர்க்க முடியாதபோது, திருத்தங்கள் மீதான விவாதம் வலுவிழந்துவிடுகிறது.

கேள்வி (வணிகர்): தொகுதி மேம்பாட்டு நிதி எம்.எல்.ஏ. கையில் தரப்படுகிறதா?

பதில்: இல்லை. அவர் பணிகளைப் பரிந்துரைக்கிறார். நிர்வாக அனுமதி மாவட்ட ஆட்சியருடையது.

கேள்வி (இளம் வழக்கறிஞர்): பதவிக்காலம் முடியுமுன் உறுப்பினர் பதவி வேறு எவ்வாறு போகும்?

பதில்: பேரவையின் அனுமதியின்றி 60 நாட்கள் கூட்டங்களுக்கு வராவிட்டால் அவருடைய இடம் காலியானதாகப் பேரவை அறிவிக்கலாம். குற்ற வழக்கில் ஈராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றாலும் தகுதி போகும். முன்பு மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்து பதவியில் நீடிக்க வழி இருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் அதற்கு வழிசெய்த சட்டப்பிரிவை நீக்கியபின், குற்றவாளி என்ற தீர்ப்பை மேல்நீதிமன்றம் நிறுத்தி வைத்தால்தான் தகுதி மீளும்.