இடைக்காலத் தமிழ் இலக்கியத்தில் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்கள் எவை?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏதோ தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டியல் எந்த கைடிலும் கிடைக்கும். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: பெரிய புராணத்தில் திருநாவுக்கரசர் புராணம். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் கடலூர்க்காரி, தமிழ் எம்.ஏ. சேக்கிழார், 12-ம் நூற்றாண்டு, சிதம்பரத்தில் அரங்கேற்றம், 2 காண்டம், 13 சருக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நூலைத் திறந்ததே இல்லை. ஜெராக்ஸ் நோட்ஸ் போதும் என்று பாடம் நடத்தியவரே சொல்லிவிட்டார்.

அம்மா பிறந்தது கரையேறவிட்டகுப்பம். திருநாவுக்கரசரான அப்பரைச் சமணர்களின் தூண்டுதலால் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரை சேர்ந்த இடம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சித்திரையில் விழா எடுப்பார்கள். ரிசல்ட் வந்த அன்று அம்மா கேட்டாள், "நம்ம ஊரைப் பத்தி உன் புத்தகத்துல என்னடி எழுதியிருக்கு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உரையோடு வாங்கி வந்து தினமும் விளக்கு வைத்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 400-க்கும் மேற்பட்ட பாடல்கள். நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்தபோது அப்பரின் அக்கா திலகவதியார் உயிரை விடத் துணிகிறார். தாய் தகப்பனும் இல்லாத தம்பி காலில் விழுந்து அழ, அவனுக்காகவே உயிரோடு இருக்கிறார். அந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள். அவளும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு மூன்று தம்பிகளை வளர்த்தவள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு உரை தேவைப்படவில்லை. அந்த வாரமே பண்ருட்டி பக்கத்திலிருக்கும் திருவதிகைக்குப் போனோம். சூலை நோயோடு, அதாவது தீராத வயிற்று வலியோடு, வந்த தம்பிக்கு அக்கா திருநீறு கொடுத்த ஊர். அப்பர் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகத்தை அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலாக முழுசாகப் படித்தேன்.

இதை மதப் பிரசாரம் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. அப்பருக்கும் சேக்கிழாருக்கும் நடுவே சுமார் 500 ஆண்டுகள். பெரிய புராணத்தில் சமணர்களைக் காட்டியிருக்கும் விதம் ஒரு தரப்பின் பார்வை என்பது எனக்கும் தெரியும். எங்கள் கடலூரிலிருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் சமணர்களுக்குப் பெரிய பள்ளி இருந்தது. கி.பி. 458-ல் 'லோகவிபாகம்' என்ற சமண நூல் எழுதப்பட்டது அங்கேதான் என்பார்கள். அதனால் அடுத்து சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியையும் படியுங்கள். கம்பரை ஏன் விட்டாய் என்றால், விடவில்லை, அவரைப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முடிந்தால் சொந்தமாக வாங்குங்கள், யாருக்கும் இரவல் தராதீர்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டிய அதே பிரதியை உறவுக்காரர் ஒருவர் மகனின் தேர்வுக்கென்று வாங்கிப் போய் ஆறு வருடம் ஆகிறது. பையனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. கேட்டால் "பரண்ல இருக்கும், பார்க்கிறேன்" என்கிறார். கடையில் புதிது கிடைக்கும், தெரியும். அம்மா அழுத பக்கத்தில் நான் மடித்து வைத்த அடையாளம் அந்தப் பிரதியில்தான் இருக்கிறது.