கொதிக்கும் நீருக்குப் பெரிய தீ எதற்கு? வெப்பமும் வெப்பநிலையும்: கேள்வி பதில்

வெப்பம், வெப்பநிலை, வெப்ப இயக்கவியலின் விதிகள் ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்குக் கேட்பவர்கள் ஒவ்வோர் எண்ணையும் அலகோடு எழுதுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்: ஐயா, வெப்பநிலை அதிகமுள்ள பொருளில் வெப்பமும் அதிகமாக இருக்கும் என்று தேர்வில் எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டார். என்ன தவறு?

ஆசிரியை செய்தது சரி. அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, வெப்பநிலையை வைத்து ஆற்றலின் அளவைச் சொல்லிவிட முடியாது. கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் அதன் நிறை மிகமிகக் குறைவு என்பதால், கையில் விழுந்தால் ஒரு சுருக்கென்ற உணர்வோடு போய்விடுகிறது. ஒரு வாளி நீர் 60 டிகிரியில்தான் இருக்கிறது. அதில் கையை விட்டால் வெந்துபோகும். (பொறி சிறியது என்பதற்காக எரிந்து முடிந்த கம்பியைத் தொட்டுவிடாதீர்கள். அதன் நிறை சிறியதன்று.)

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. பொருளுக்குள் வெப்பம் "இருப்பதில்லை". பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல், அதாவது அதன் மூலக்கூறுகளின் இயக்கத்திலும் பிணைப்பிலும் உள்ள ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டின் காரணமாக ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு ஆற்றல் செல்லும்போது, அப்படிச் செல்லும் ஆற்றலைத்தான் வெப்பம் என்கிறோம். உங்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கலாம், அடுப்பருகே நீட்டியும் சூடாக்கலாம். முதலாவதில் வேலை வழியாகவும், இரண்டாவதில் வெப்பமாகவும் ஆற்றல் வந்து சேர்ந்தது. சூடான பிறகு கையை மட்டும் ஆராய்ந்து, அது எந்த வழியில் சூடானது என்று எவராலும் சொல்ல இயலாது.

வெப்பம் என்பது பொருளுக்குள் தங்கியிருக்கும் ஒரு பாய்மம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலோர் நம்பினார்கள். மியூனிக் நகரின் ஆயுதச் சாலையில் பீரங்கிகளுக்குத் துளையிடுவதைக் கவனித்த ரம்ஃபோர்டு பிரபு, மழுங்கிய துளைக்கருவி ஒன்றைக் குதிரைகளைக் கொண்டு சுழலவைத்து, உலோகத்தைச் சுற்றி ஒரு பெட்டியில் நீரை நிரப்பினார். நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் அந்த நீர் கொதித்தது. தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீரவே இல்லை. தீராமல் வருவது உள்ளே சேமித்து வைத்த பொருளாக இருக்க முடியாது என்று 1798ஆம் ஆண்டு அவர் எழுதினார். அந்தத் தெளிவு முழுமையடைய, எவ்வளவு வேலை எவ்வளவு வெப்பத்துக்கு ஈடு என்று அளந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூலின் அளவீடுகள் வேண்டியிருந்தன; அதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

கல்லூரி மாணவர், திருச்சி: 20 டிகிரி என்பது 10 டிகிரியைப் போல இரு மடங்கு சூடா?

20 டிகிரி எது? செல்சியஸா, கெல்வினா? அலகை எழுதுங்கள். செல்சியஸ் என்றால், இல்லை. செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 283 கெல்வினிலிருந்து 293 கெல்வினுக்கு உயர்ந்திருக்கிறது. மூன்றரை விழுக்காடுதான் கூடுதல். வேறுபாடு காண்பதற்கு எந்த அளவுகோலும் போதும். விகிதம் காண்பதற்கு, தனிச்சுழியிலிருந்து தொடங்கும் கெல்வின் போன்ற அளவுகோலே பயன்படும்.

பிளஸ் ஒன் மாணவர், ஈரோடு: முதல் விதியை இயற்பியல் புத்தகம் Q − W என்கிறது, வேதியியல் புத்தகம் q + w என்கிறது. எதை நம்புவது, சார்?

இரண்டையும் நம்பலாம். ஆற்றல் புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதுமில்லை என்பதே முதல் விதி. நாம் கவனிக்கும் பொருளை, அதாவது அமைப்பை, வந்தடையும் வெப்பம் (Q) வேலையோடு சேர்ந்து அதன் அக ஆற்றல் மாற்றத்தைத் தருகிறது. இயற்பியலில் W என்பது அமைப்பு வெளியே செய்யும் வேலை. வேதியியலில் w என்பது அமைப்பின் மீது செய்யப்படும் வேலை. ஒரு வாயு 500 ஜூல் வெப்பத்தைப் பெற்று, விரிவடைந்து 200 ஜூல் வேலை செய்கிறது என்று கொள்ளுங்கள். இயற்பியல் வழியில் 500 − 200. வேதியியல் வழியில் w இன் மதிப்பு −200 என்பதால் 500 + (−200). அக ஆற்றல் இரண்டிலும் 300 ஜூல்தான் கூடுகிறது. விடைத்தாளின் தொடக்கத்திலேயே எந்தக் குறிமரபைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: அடுப்பைப் பெரிதாக வைத்தால் சோறு சீக்கிரம் வேகும்தானே?

நீர் கொதிக்கும் வரை, ஆம். கொதித்த பிறகு, இல்லை. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் நின்றுவிடுகிறது. அதன் பின் நீங்கள் தரும் கூடுதல் ஆற்றல் நீரை ஆவியாக்குவதற்கே செல்கிறது. அரிசி வேகும் வேகத்தை முடிவு செய்வது அதைச் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே. ஒரு கிலோகிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் ஆகும். கொதிக்கும் நீரில் வெறும் 130 கிராமை ஆவியாக்கி வெளியே அனுப்பவும் அதே 293 கிலோஜூல் தேவை. சமையலறைச் சன்னல் வழியே போகும் அந்த ஆவிக்குத்தான் நீங்கள் எரிவாயுவைச் செலவிடுகிறீர்கள்.

சமையல் ஒப்பந்தக்காரர், மதுரை: ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். கல்யாணச் சமையலில் அண்டாவில் அரிசியைப் போட்ட பிறகு தீயைக் குறைத்தால் அரிசி நட்டுக்கொண்டு நிற்கும். பெரிய தீ இல்லாமல் நடக்காது. புத்தகத்தில் உள்ளது வேறு, அடுப்படி வேறு.

நீங்கள் கண்டது உண்மை. நான் எழுதியதற்கு அது முரணானதும் அன்று. அத்தனை அரிசியைக் கொட்டியவுடன் அண்டா நீரின் வெப்பநிலை சட்டென்று இறங்கி, கொதி அடங்கிவிடுகிறது. அதை மீண்டும் கொதிநிலைக்கு ஏற்றப் பெரிய தீ வேண்டும். அகன்ற வாய் வழியாகவும் பக்கங்கள் வழியாகவும் ஆற்றல் தொடர்ந்து வெளியேறுவதால், கொதியைத் தக்கவைக்கவும் வீட்டு அடுப்பைவிடப் பெரிய தீ தேவைப்படும். எனவே கொதி நிற்காத அளவுக்குத் தீ இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டது வீண்.

பொறியியல் மாணவர், கோவை: ஆனால் ஆவி நிறைய வந்தால் அழுத்தம் கூடுமே? அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடுமே?

மூடாத பாத்திரத்தில் ஆவி தாராளமாக வெளியேறிவிடுகிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தமாகவே இருக்கும். தட்டுப் போட்டு மூடினாலும் ஆவி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. அந்தத் தட்டின் எடையால் உயரும் கொதிநிலை உங்கள் வெப்பமானியில் தெரியாத அளவு சிறியது.

அதே மாணவர்: அப்படியானால் பிரஷர் குக்கரில் தீயைக் கூட்டினால்?

அங்கும் பயனில்லை. அழுத்தத்தை முடிவு செய்வது மூடியின் மேலுள்ள வெயிட். உள்ளேயுள்ள அழுத்தம் வெளியிலுள்ளதைவிட ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு கூடியதும் வெயிட் எழுந்து ஆவியை விடுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரியில் நிற்கிறது. தீயைக் கூட்டினால் விசில்தான் அடிக்கடி வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பதே அறிவுடைய செயல். ஊட்டியில் திறந்த பாத்திரத்து நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கரின் உள்வெப்பநிலையும் சமவெளியைவிட நான்கு டிகிரி அளவுக்குக் குறைந்தே இருக்கும். ஏனெனில் வெயிட் தாங்கும் அழுத்தம் அவ்வூரின் குறைந்த வளிமண்டல அழுத்தத்தின் மேல்தான் சேர்கிறது.

சமையல் ஒப்பந்தக்காரர், மதுரை: என் மகனின் ஆய்வக வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். தளதளவென்று கொதித்தபோதும் மெல்லக் கொதித்தபோதும் 99இல்தான் நின்றது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய தீயில் அடி பிடித்ததே! 99 டிகிரியில் எப்படிக் கருகும்?

இன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் அளந்தது நடுவிலுள்ள நீரை. தொடக்கத்தில் அடியில் சூடான நீர் மேலேறி, மேலுள்ள நீர் கீழிறங்கி, வெப்பச்சலனம் தடையின்றி நடப்பதால் அடித்தகடு பெற்ற ஆற்றலை நீர் உடனுக்குடன் எடுத்துச் சென்றுவிடுகிறது. கஞ்சி கெட்டியானதும் அந்தச் சுழற்சி தளர்கிறது. அடியில் படிந்த பருக்கைகளின் நீர் ஆவியாகி, அவ்விடத்துக்குப் புதிய நீர் வந்து சேராமல் போகிறது. நீர் இல்லாத இடத்தில் 100 டிகிரி என்ற தடையும் இல்லை. அந்த மெல்லிய அடுக்கு 150, 200 டிகிரி என்று ஏறிக் கருகுகிறது. ஒரே அண்டாவுக்குள் இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு வெப்பநிலைகள் இருக்கின்றன. வெப்பமானியின் குமிழ் எங்கே இருந்தது என்பதைக் குறிக்காத அளவீடு முழுமையானதன்று.

வாசகர், சேலம்: உப்புப் போட்டால் கொதிநிலை கூடுமே?

ஒரு கிலோகிராம் நீருக்குப் பத்து கிராம் உப்புப் போட்டால் ஏறக்குறைய 0.2 டிகிரி செல்சியஸ் கூடும். சுவைக்காக மட்டும் போடுங்கள்.

வாசகர், சென்னை: குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

பூட்டிய அறையென்றால் சூடாகும். உள்ளிருந்து எடுத்ததையும், இயந்திரம் உட்கொண்ட மின்னாற்றலையும் சேர்த்துப் பின்புறம் அந்த அறைக்குள்தானே விடுகிறது?

வாசகர், வேலூர்: மின்விசிறி அறையைக் குளிர்விக்குமா?

இல்லை. உங்கள் வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. யாருமில்லாத அறையில் ஓடும் விசிறி அறையைச் சிறிது சூடாக்குகிறது.

வாசகர், ஓசூர்: சிறிய குளிர்சாதனப் பெட்டி என்றால்?

அளவு எதுவாயினும் விதி ஒன்றே. சென்னை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாசகர், கடலூர்: எந்த உணவில் வெப்பம் அதிகம் இருக்கிறது? உடல் சூட்டைத் தணிக்க எதைச் சாப்பிடலாம்?

பொருளில் வெப்பம் இருப்பதில்லை என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். உடல் சூடு பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அது என் துறை அன்று.

வாசகர், நாமக்கல்: ஒருமுறை சுழற்றிவிட்டால் எரிபொருளின்றி ஓடி மின்சாரம் தரும் இயந்திரத்தில் முதலீடு கேட்கிறார்கள்.

பணம் கொடுக்காதீர்கள். முதல் விதி அதற்கு இடம் தருவதில்லை.

முதுகலை மாணவி, நெல்லை: என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று மட்டும் படித்தேன். கணக்காகக் காட்ட முடியுமா?

1865ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் அந்தப் பெயரை வைத்தபோது ஒழுங்கின்மையைப் பற்றிப் பேசவில்லை. மாற்றப்படும் வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தார். 400 கெல்வினில் உள்ள பெரிய பொருளிலிருந்து 300 கெல்வினில் உள்ள பெரிய பொருளுக்கு 1000 ஜூல் வெப்பம் செல்கிறது. முதலாவது இழப்பது கெல்வினுக்கு 2.5 ஜூல். இரண்டாவது பெறுவது கெல்வினுக்கு 3.33 ஜூல். ஆற்றல் கூடவுமில்லை, குறையவுமில்லை. என்ட்ரோபி மட்டும் கெல்வினுக்கு 0.83 ஜூல் கூடியிருக்கிறது. வெப்பம் எதிர்த்திசையில் தானாகச் சென்றால் இந்த எண் எதிர்க்குறி பெறும். அது நிகழ்வதில்லை என்பதே இரண்டாம் விதி. இங்கே செல்சியஸை இட்டு வகுத்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் விடைத்தாள்களில் காணும் பிழை அது.

வாசகி, காரைக்குடி: கொதிநீரைவிட ஆவி பட்டால் ஏன் அதிகம் வேகிறது? இரண்டும் 100 டிகிரிதானே?

ஒரு கிராம் கொதிநீர் உங்கள் தோலில் பட்டு 37 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 264 ஜூல் தருகிறது. ஒரு கிராம் ஆவி முதலில் நீராக மாறும்போதே 2256 ஜூல் தந்துவிட்டு, அதன் பிறகு அந்த 264 ஜூலையும் தருகிறது. ஆகவே குக்கரின் அழுத்தம் முழுவதும் இறங்கும் முன் மூடியைத் திறக்க முயலாதீர்கள். ஆவி பட்டுவிட்டால் மாவு, பற்பசை எதையும் தடவாமல், குழாய்நீரை இருபது நிமிடம் அந்த இடத்தின் மேல் ஓடவிடுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.