அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, மேலூரில் தமிழ்வழியில் படித்த எனக்கு அவை உதவுமா?

கேள்வி கேட்ட தம்பி பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. "வெளிநாட்டுப் பாடம் புரியுமா, சான்றிதழ் தருவார்களா, எங்கே தொடங்குவது" என்று கேட்டிருக்கிறார். மதுரையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழ் பேச்சை முதலில் முடித்துவிடலாம். அந்தப் பாடங்கள் இருக்கும் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் தளம் சான்றிதழ் தராது. பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடையாது. சான்றிதழ்தான் வேண்டுமென்றால் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் இருக்கிறது. பாடம் பார்க்கக் காசு இல்லை. தேர்வு எழுத 1000 ரூபாய். 12 வாரப் பாடம் என்றால், நீங்கள் செய்ததில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் பார்த்த கல்லூரிகளில் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவதில் இருக்கும் அக்கறை, என்ன படித்தார்கள் என்பதில் இருப்பதில்லை. அசைன்மென்ட் விடைகள் வாரம் தவறாமல் வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரை அறிவித்தது 2001 ஏப்ரலில். இணையத்தில் பாடம் விற்றுப் பணம் பார்க்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்ட காலம் அது. எம்ஐடியும் அப்படித்தான் ஒரு குழு போட்டு யோசித்தது. விற்று ஒன்றும் ஆகாது, சும்மா கொடுத்துவிடலாம் என்று குழு சொல்லிவிட்டது. 2002இல் 50 பாடங்களோடு சோதனை ஓட்டம். 2007க்குள் ஏறக்குறைய எல்லாப் பாடமுமாக 1800. (நம் ஆட்கள் இதற்கு முன்னோடி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் போட்டார்கள். பெயரில் மட்டும்தான் மதுரை, ஒருங்கிணைத்தவர் இருந்தது சுவிட்சர்லாந்தில்.)

சரி, உதவுமா? ஒரு உதாரணம் காட்டினால் உங்களுக்கே தெரியும். எம்ஐடி பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா), பாட எண் 18.06. 1999இல் எடுத்த காணொளி. கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். முதல் வகுப்பில் அவர் எடுத்துக்கொள்வது இரண்டே சமன்பாடுகள்: 2எக்ஸ் − ஒய் = 0, −எக்ஸ் + 2ஒய் = 3. பிளஸ் டூவில் கிராமர் விதி போட்டுப் பழகிய நம் பிள்ளைகள் அரை நிமிடத்தில் முடிப்பார்கள். டெல்டா, அதாவது கெழுக்களின் அணிக்கோவை, 3; டெல்டா எக்ஸ் 3, டெல்டா ஒய் 6. விடை 1, 2. "டெல்டா பூச்சியம் ஆனால்?" என்று கேளுங்கள். "தீர்வு இருக்காது சார், இல்லேன்னா எண்ணற்ற தீர்வு" என்று ஒப்பிப்பார்கள். "ஏன்?" என்று கேட்டால் பேச்சு வராது.

ஸ்ட்ராங் முதலில் நிரைகளை, அதாவது சமன்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்: இரண்டு கோடுகள், (1, 2) இல் வெட்டுகின்றன. அது நமக்கும் தெரியும். அப்புறம் நிரல்களை, அதாவது எக்ஸின் கெழுக்களைத் தனியாக, ஒய்யின் கெழுக்களைத் தனியாகப் பார்க்கிறார். (2, −1) என்று ஒரு வெக்டர், (−1, 2) என்று இன்னொன்று. இவற்றை எந்த அளவில் கலந்தால் (0, 3) வரும்? முதலாவது ஒரு பங்கு, இரண்டாவது இரண்டு பங்கு. அதே விடைதான், ஆனால் இப்போது டெல்டா பூச்சியம் என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு வெக்டரும் ஒரே கோட்டில் படுத்துவிட்டன. எப்படிக் கலந்தாலும் அந்தக் கோட்டை விட்டு வெளியே போக முடியாது. போக வேண்டிய புள்ளி கோட்டில் இருந்தால் எண்ணற்ற வழிகள், இல்லாவிட்டால் வழியே இல்லை. நான் இதை வகுப்பில் வரைந்து காட்டிய பிறகு அந்த வாய்ப்பாட்டை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அதற்காகக் காணொளியை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அந்தப் பாடத்தின் உயிர் கணக்குகளிலும், அவற்றின் தீர்வுகளிலும், பழைய வினாத்தாள்களிலும் இருக்கிறது. 18.06எஸ்சி என்று ஒரு பதிப்பு, தனியாகப் படிப்பவர்களுக்காகவே அமைத்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் சுருக்கக் குறிப்பு, கணக்கு, தீர்வு எல்லாம் உண்டு. முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மாட்டிக்கொண்ட இடத்துக்குக் காணொளியைத் திறங்கள். பாடத்தை மொத்தமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம், டேட்டா மிச்சம். ஸ்ட்ராங்கின் பாடநூல் விலைக்குத்தான். அதற்குப் பதில் ஜிம் ஹெஃபரான் எழுதிய நேரியல் இயற்கணித நூல் முழுசாக இலவசம், பயிற்சிகளின் விடைகளும் கூடவே.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழக அரசின் பிளஸ் டூ கணித நூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசப் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தால் ஸ்ட்ராங் பேசும் கலைச்சொற்களில் பாதி வந்துவிடும். மிச்சத்துக்குக் காணொளியில் ஆங்கில வசன வரிகள் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். உங்கள் வகுப்பிலேயே இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் இறங்கி, புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் உட்கார்ந்து கணக்குப் போட இடம் கிடைக்கும்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. யூடியூப்பில் சும்மா பார்க்கக் கிடைப்பதும் இதுவும் ஒன்றல்ல. இந்தப் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. நகலெடுக்கலாம், மாற்றலாம், தமிழில் எழுதலாம். மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், லாபத்துக்கு விற்கக் கூடாது, நீங்கள் எழுதியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொள்வதை எம்ஐடி ஏற்கிறது, அதனால் ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களிடம் பக்கத்துக்கு ஆன காசை வாங்குவதில் தப்பில்லை. வேறு இடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டிருக்கும் படங்களை மட்டும் தொடாதீர்கள், அவை இந்த உரிமத்தில் அடங்காது.

முதல் மூன்று வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதிப் பாருங்கள் தம்பி. எழுதியதும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.